இருபது வளைவுகளும் பதினெட்டு வயதும்

சேலம் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் கார் ஓட்டும் பதினெட்டு வயது இளைஞரும், அதே காரை முப்பது ஆண்டுகளாக ஓட்டிவரும் அவருடைய தந்தையும், காப்பீட்டுக் கட்டணத்தைப் பொறுத்தவரை ஏறத்தாழ ஒரே ஆள்தான். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நிலைமை வேறு. அங்கே பதின்ம வயதினர் வண்டி ஓட்டத் தொடங்கினாலே குடும்பத்தின் காப்பீட்டுச் செலவு ஏறிவிடுகிறது. அதைக் குறைக்க நல்ல மதிப்பெண் பெறும் மாணவருக்குச் சலுகை, வண்டியில் வேகத்தைப் பதிவுசெய்யும் கருப்புப் பெட்டி என்று பல வழிகளைத் தேடுகிறார்கள். ஐரோப்பாவில் ஆணுக்கு ஒரு கட்டணம், பெண்ணுக்கு ஒரு கட்டணம் என்ற வழக்கத்தை ஐரோப்பிய நீதிமன்றம் 2011ஆம் ஆண்டில் செல்லாதென்று தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. இந்தியாவிலோ பிரீமியம் முதன்மையாக வண்டியைப் பார்த்தே விதிக்கப்படுவதால், இளம் ஓட்டுநருக்கு மலிவான காப்பீடு எது என்ற கேள்வி இங்கே வேறு வடிவம் கொள்கிறது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு கட்டாயமாக்குவது மூன்றாம் தரப்புக் காப்பீட்டை மட்டுமே. அதாவது, வண்டியால் பிறருக்கு நேரும் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் பொருட்சேதத்துக்கும் ஈடு தரும் காப்பை. இதன் கட்டணத்தை நிறுவனங்கள் தம் விருப்பப்படி கூட்டவோ குறைக்கவோ முடியாது, அரசே அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, 1,000 சி.சி.க்கு மேற்படாத தனியார் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாயும், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாயும், அதற்கு மேல் 7,897 ரூபாயும் விதிக்கப்பட்டன. 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. தனி. ஆகவே இந்தப் பகுதியில் மலிவைத் தேட வேண்டிய இடம் காப்பீட்டு அலுவலகமன்று, கார் வாங்கும் இடம்தான். மலைக்குத் தோதான வண்டி என்று பழைய 2,523 சி.சி. பொலிரோவைத் தேர்ந்தெடுக்கும் இளைஞர், 796 சி.சி. ஆல்ட்டோவை வாங்கியவரைப் போல நான்கு மடங்குக்குச் சற்றே குறைவான தொகையை ஆண்டுதோறும் கட்டுகிறார். புதிய கார் வாங்குவோருக்கு இத்தொகை மூன்று ஆண்டுக்கும் சேர்த்து ஒரே தவணையாக வருவதைக் கண்டு பலரும் திகைப்பதுண்டு. கோவை எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 ஜூலையில் பிறப்பித்த ஆணையே அதற்குக் காரணம்.

சொந்த வண்டிக்கு நேரும் சேதத்துக்கான காப்பு கட்டாயமில்லை; அதற்கு நிறுவனங்களுக்கிடையே போட்டி உண்டு, பேரத்துக்கும் இடமுண்டு. பழைய கட்டண முறை சென்னை உள்ளிட்ட எட்டு பெருநகரங்களை ஏ மண்டலம் என்றும், நாட்டின் மற்ற பகுதிகளை பி மண்டலம் என்றும் பிரித்து, பின்னதற்குக் குறைந்த விகிதத்தை வைத்தது. இதனால் வேளச்சேரியின் சமதளத்தில் ஓடும் காரைவிட, பள்ளத்தாக்கின் விளிம்பில் ஓடும் ஏற்காட்டுக் காருக்குக் கட்டணம் குறைவு என்ற விந்தை நிகழ்கிறது. மலைப்பாதையின் அபாயம் இந்தக் கணக்கில் எங்கும் இடம்பெறவில்லை. 2024 ஏப்ரல் இறுதியில் இதே பாதையின் வளைவொன்றில் தனியார் பேருந்து கவிழ்ந்து உயிர்கள் பலியான நிகழ்வை நினைத்தால், அந்த விடுபாடு சிறியதாகத் தோன்றாது.

அபாயம் கட்டணத்தில் ஏறாவிட்டாலும் போனஸில் இறங்குகிறது. ஓராண்டு முழுவதும் இழப்பீடு கேட்காதவருக்கு அடுத்த ஆண்டின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 விழுக்காடும், அது தொடரத் தொடர 25, 35, 45 என உயர்ந்து 50 விழுக்காடு வரையும் தள்ளுபடி கிடைக்கிறது. இதுவே நோ கிளெய்ம் போனஸ். ஒரே ஒரு கிளெய்ம் போதும், அது பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். புதிதாக ஓட்டப் பழகியவர் கொண்டை ஊசி வளைவில் திருப்பும்போது பின்சக்கரம் உள்பக்கமாக இழுத்துக்கொண்டு வருவதைக் கணிக்கத் தவறி, பம்பரையோ பக்கவாட்டையோ தடுப்புச் சுவரில் உரசிவிடுவது இயல்பு. 4,000 ரூபாய் விலையுள்ள பிளாஸ்டிக் பம்பரை மாற்ற வேண்டியிருப்பதாகவும், மூன்றாண்டுகள் கிளெய்ம் இல்லாமல் முடியும் தறுவாயில் இது நேர்ந்ததாகவும் கொள்வோம். பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதித் தொகை கழிக்கப்படுகிறது. மீதமுள்ள 2,000 ரூபாயில், 1,500 சி.சி. வரையிலான காருக்கு உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை 1,000 ரூபாயும் போக, கைக்கு வருவது 1,000 ரூபாய். சொந்தச் சேதப் பிரீமியம் 9,000 ரூபாய் என்றால், இழக்கும் 35 விழுக்காட்டுத் தள்ளுபடி 3,150 ரூபாய். தேய்மானக் கழிவே இல்லாத ‘பம்பர் டு பம்பர்’ காப்பை எடுத்திருந்தாலும் கிடைப்பது 3,000 ரூபாய்தான். சிறு கீறல்களுக்குக் கைக்காசைச் செலவழித்துவிட்டு, பெருஞ்சேதத்துக்கு மட்டும் காப்பீட்டை நாடுவதே புதிய ஓட்டுநருக்கு லாபம் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

ஓடும் தூரத்துக்கேற்பவும் ஓட்டும் விதத்துக்கேற்பவும் கட்டணம் விதிக்கும் திட்டங்களுக்கு 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இசைவளித்தது. வாரம் ஒருமுறை சேலத்துக்கு இறங்கி, மற்ற நாட்களில் காப்பித் தோட்டத்து ஷெட்டில் நிற்கும் காருக்கு முதல் வகை பொருந்தும். இரண்டாம் வகையில், திடீரென்று பிரேக் போடுவதைக் குறிப்பெடுக்கும் கருவி, இருபது வளைவுகளையும் நாள்தோறும் இறங்குபவரை எப்படி மதிப்பிடும் என்பது நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிய வேண்டிய கேள்வி.

கார் யார் பெயரில் இருக்கிறது என்பதும் கவனிக்கத் தக்கது. நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. தந்தை உயிரோடிருக்கும்வரை அதை மகனுக்கோ மகளுக்கோ மாற்றித் தர இயலாது. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பும் ஆர்.சி. புத்தகத்தில் பெயருள்ளவருக்கே பொருந்துவதால், தந்தையின் காரை மகள் ஓட்டிச் செல்லும்போது அந்தக் காப்பு மகளுக்குக் கிடைப்பதில்லை. வங்கிக் கணக்கு வைத்திருக்கும் 18 முதல் 70 வயது வரையுள்ளோர் ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்புப் பெறும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம் இந்த இடைவெளியைச் சிறிதளவாவது நிரப்பும். இளம் ஓட்டுநருக்கு இதைவிட மலிவான காப்பு வேறில்லை.

எல்.எல்.ஆர். என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் பழகுநர் உரிமம் வைத்திருப்பவர் ஓட்டும்போதும் காப்பீடு செல்லும். ஆனால் முறையான உரிமம் பெற்றவர், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தத்தக்க நிலையில், அருகில் அமர்ந்திருக்க வேண்டும், வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’ எழுத்தும் இருக்க வேண்டும். ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பக்கம் நண்பர்களுடன் சுற்றுவதற்காகத் தனியே காரை எடுத்த பழகுநர், நிபந்தனையை மீறியவராகிறார்.

பதினெட்டு நிரம்பாதவர் கார் ஓட்டினால் எந்தப் பாலிசியும் குடும்பத்தைக் காப்பாற்றாது. பதினாறு வயதில் சட்டம் அனுமதிப்பது கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வண்டியை மட்டுமே. இன்று தெருவில் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி.யைத் தாண்டியவை. உரிமமின்றி ஓட்டப்பட்ட வண்டியால் அடிபட்டவருக்கு நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடமிருந்து அதை வசூலித்துக்கொள்ள வழிவகுத்தது ஸ்வரன் சிங் வழக்கில் 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. வசூலிக்கப்படும் தொகை லட்சங்களில் இருக்கக்கூடும் என்பதால், காப்பித் தோட்டத்தில் சில ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் நிலத்தையே விற்க நேரலாம். இதற்கு மேல், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவு, சிறார் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், வண்டியின் பதிவுக்கு ஓராண்டு ரத்தும் விதிக்கிறது. ஓட்டிய சிறுவரோ சிறுமியோ 25 வயது நிரம்பும்வரை உரிமம் பெறவும் முடியாது. ஊரிலிருந்து சேலத்துக்கு வேலைக்கோ கல்லூரிக்கோ போக வேண்டிய அந்த ஏழெட்டு ஆண்டுகளும் அவருக்குப் பேருந்துதான்.