சக்கரங்களோடு ஓர் உறவு: சுங்கை சோவில் பிறந்த கஞ்சில்

அபூர்வ வாகனங்கள் என்ற பேச்சு எழுந்தவுடனே, அரண்மனைக் கொட்டில்களில் ஓய்ந்திருக்கும் ரோல்ஸ் ராய்ஸ்களையும், பொருட்காட்சிச் சாலைகளில் கயிறு கட்டிக் காத்து நிற்கும் பந்தயக் கார்களையும் நினைத்துக்கொள்வது நம்மவர் வழக்கம். மோரிஸ் மைனரையும், தோட்டத்துத் துரைமார்கள் ஓட்டிய லேண்ட் ரோவரையும் பற்றி இத்தொடரில் முன்பு எழுதியபோது எனக்கும் அவ்வகை வாகனங்களின் மீது இருக்கும் அபிமானம் வெளிப்பட்டிருக்கும். ஆயினும், ஆயிரமாயிரம் ஏழைக் குடும்பங்களின் வாழ்க்கைக் கிரமத்தையே மாற்றி அமைத்துவிட்டு, இன்று எவருடைய கவனத்துக்கும் வராமலே சாலையை விட்டு மறைந்துகொண்டிருக்கும் ஒரு சிறு வாகனத்தைப் பற்றி எழுதாமல் இத்தொடரை நடத்திச் செல்ல எனக்கு மனம் வரவில்லை. அது பிறந்த இடம், நான் நாள்தோறும் கடந்து செல்லும் சுங்கை சோ.

ரவாங்குக்கும் செரண்டாவுக்கும் இடையில், ரப்பரும் பின்னர் செம்பனையும் சூழ்ந்து நின்ற இச்சிற்றூரின் வட்டாரம் இயந்திரங்களுக்குப் புதியதன்று. 1894ஆம் ஆண்டிலேயே, தம்புசாமிப் பிள்ளை அவர்களும் லோக் யூ என்ற சீனச் செல்வந்தரும் கூட்டாக நடத்திவந்த ரவாங் ஈயச் சுரங்கத்தில், மின்விசையால் இயங்கும் பம்புகள் நீரை இறைத்துக் கொட்டின என்பது இந்நாட்டுச் சரித்திரத்தில் பதிவாகியிருக்கும் விஷயம். மேற்கே சிறிது தூரம் சென்றால், மலாயா இரயில்வேயின் நீராவி எஞ்சின்களுக்கு நிலக்கரி தந்து 1960இல் மூடப்பட்ட பத்து ஆராங் சுரங்கம். அதற்கும் அப்பால், ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வர்த்தகச் செம்பனைத் தோட்டத்தை நிறுவிய தென்னமாரம். அந்தத் துரை பின்னாளில் மலாயா வாழ்க்கையைக் குறித்து ஒரு நாவல் எழுதி, பிரான்சின் கோன்கூர் பரிசை 1930இல் பெற்றார்.

தோட்டத்து வாகனங்கள் யாவும் காலத்தோடு பந்தயம் ஓடுவதற்காகவே ஏற்பட்டவை என்று சொல்லலாம். பால் உறைந்துபோகும் முன்னர் ரப்பர்ப் பால் தொழிற்சாலையை அடைந்தாக வேண்டும். வெட்டிய செம்பனைக் குலையில் கொழுப்பமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெட்டுவிடுமாதலால், 24 மணி நேரத்துக்குள் அது ஆலையைச் சேர வேண்டும். மரங்களின் நடுவே சேற்றில் இறங்கிக் குலை சுமக்க முற்காலத்தில் எருமை வண்டி இருந்தது. எருமை ஓய்ந்த பிறகு, அகன்ற டயர்களும் குலையை அள்ளி ஏற்றும் இரும்புக் கரமும் உடைய சிறு இயந்திர வண்டிகள் அதன் இடத்துக்கு வந்தன. குலையின் முட்கள் குத்திக் குத்தி வண்ணம் உரிந்து, உதிரிப் பழங்களின் எண்ணெய் படிந்து கறுத்திருக்கும் டிராக்டர் டிரெய்லர் ஒன்றை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு, அதே டிரெய்லர் மாரியம்மன் திருவிழாவின்போது நன்றாகக் கழுவப்பட்டு, வாழை மரமும் மின்விளக்குச் சரமும் கட்டப்பட்டு, அம்மனைச் சுமக்கும் ரதமாகத் தோட்டத்தைச் சுற்றி வருகின்ற காட்சியைக் காட்டிலும் விசேஷமான வாகனக் காட்சி வேறொன்று இருப்பதாகத் தோன்றாது. எனக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

இத்தகைய வட்டாரத்தில்தான் பெரோடுவா ஸ்தாபனம் தன் தொழிற்சாலையை எழுப்பி, 1994ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் தேதி தன் முதல் காரான கஞ்சிலை நாட்டுக்கு அறிமுகம் செய்தது. அடிப்படையில் அது டைஹட்ஸு மீரா என்ற ஜப்பானியக் கார். சிறு கார்களுக்கு வரிச்சலுகை அளிக்கும் ஜப்பானியச் சட்டம், எஞ்சின் கொள்ளளவின் எல்லையை 1990இல் 550 சி.சி.யிலிருந்து 660 ஆக உயர்த்தியதால், அந்த எல்லைக்கு உட்பட்டு அமைந்த மூன்று சிலிண்டர் எஞ்சினே நம் கஞ்சிலுக்கும் வாய்த்தது. ஏறத்தாழ 700 கிலோ எடையும், பன்னிரண்டு அங்குலச் சக்கரங்களும், முன்சக்கரங்களை இயக்கும் அமைப்பும் கொண்ட அந்த வாகனத்தின் மூடியைத் திறந்து பார்த்தால், எஞ்சினைச் சுற்றிக் கை நுழைந்து வேலை செய்யத் தாராளமாக இடம் இருக்கும். கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டவும், பிளக்கை மாற்றவும் பட்டறைக்குப் போகவேண்டிய அவசியமே இல்லாதபடி, லயத்து வாசலில் ஒரு மாலைப் பொழுதில் அவ்வேலைகளை முடித்துக்கொண்டவர்கள் அநேகர். மேட்டுச் சாலை வந்தால் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு, கியரைக் குறைத்து, பின்னால் வரும் வாகனங்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு ஏறுவது அதன் ஓட்டுநர்கள் அனைவரும் கற்றிருந்த சாமர்த்தியம். பின்னர் 850 சி.சி. எஞ்சினும் வந்தது, ஆனாலும் முதல் 660இன் மீதே எனக்கு மோகம் அதிகம்.

கஞ்சில் வெளிவந்து பத்தே நாட்கள் கழித்து, அதே ஆண்டு செப்டம்பர் 8ஆம் தேதி, வடக்குத் தெற்கு நெடுஞ்சாலை அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அக்காலத்தில் நம் மக்களுக்கு நேர்ந்த மாறுதல் விளங்கும். தோட்டத்தில் வாழ்ந்தவரை வேலைக்காடு, வீடு, தமிழ்ப்பள்ளி, கோயில், கடை ஆகிய அனைத்தும் கால்நடையாகச் சென்றடையும் தூரத்திலேயே இருந்தன. ஏதேனும் தூரப் பிரயாணம் என்றால் தோட்டத்து லாரியோ, மணிக்கணக்கில் காத்திருந்து ஏறும் பேருந்தோ போதுமானதாயிருந்தது. தொண்ணூறுகளில் இவ்வட்டாரத் தோட்டங்கள் பலவும் வீட்டுமனைகளாக மாறி, லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் தாமான்களுக்கும் அடுக்கு வீடுகளுக்கும் குடிபெயர்ந்தபோது, ஒரே இடத்தில் குவிந்திருந்த அந்த வாழ்க்கை நான்கு திசைகளுக்கும் சிதறிப்போயிற்று. வேலை ஓர் ஊரில், பள்ளி வேறோர் ஊரில், குலதெய்வம் பழைய தோட்டத்தின் எல்லையில், பெண் கொடுத்த சம்பந்தி வீடு தஞ்சோங் காராங்கிலோ கோல சிலாங்கூரிலோ என்றான நிலையில், வாகனம் என்பது சௌகரியமாக இருந்தது போய் அத்தியாவசியமாகிவிட்டது. மோட்டார் சைக்கிளில் கணவன், மனைவி, இரு பிள்ளைகள் என்று மழையில் நனைந்துகொண்டு போன குடும்பங்களுக்கு, தவணைக் கடனில் எட்டக்கூடிய விலையில் நான்கு கதவுகளும் ஒரு கூரையும் கிடைத்தன என்றால், அதன் மகிமையை எவ்வளவு சொன்னாலும் தகும். தேசத்தின் முதல் காரான புரோட்டோன் சாகா 1985ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது என்றாலும், பால்வெட்டுச் சம்பளத்தில் வளர்ந்த வீடுகளின் வாசலுக்குக் காடி என்ற ஒன்று முதன்முதலாக வந்து நின்றது பெரும்பாலும் கஞ்சிலின் உருவத்தில்தான் என்பதே என் துணிபு.

பெண்கள் விஷயத்தில் அது செய்த உபகாரமும் சிறிதன்று. வாகனம் ஓட்டக் கற்பிக்கும் பள்ளிகள் பல ஆண்டுகள் கஞ்சிலையே பயிற்சி வாகனமாக வைத்திருந்தமையால், நம் தங்கைமார்களும் அக்காமார்களும் எவருடைய தயவையும் எதிர்பாராமல் தொழிற்சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தாமே ஓட்டிச் செல்லும் துணிவை அந்தச் சிறு ஸ்டியரிங்கின் பின்னால் அமர்ந்தே பெற்றார்கள்.

கஞ்சிலுக்குப் பின்னர் சுங்கை சோவிலிருந்து வந்த வேறு பல வாகனங்களில், 1996இல் வெளிவந்த ரூசா என்ற வேனும், 1998இல் வந்த கெம்பாராவும் தனியாகக் குறிப்பிடத் தக்கவை. முன் இருக்கையின் அடியில் எஞ்சினை வைத்து, பின்சக்கரங்களால் ஓடிய ரூசாவை இப்போது சாலையில் காண்பதே அரிது. கஞ்சிலோ கடல் கடந்து இங்கிலாந்துக்கும் போயிற்று. நிப்பா என்ற பெயரோடு 1997இல் அங்கே விற்பனைக்கு வந்தபோது, அந்நாட்டில் விற்ற புதுக் கார்களிலேயே மிகவும் மலிவானது என்று பெயர் பெற்றது. ஒரு காலத்தில் தோட்டங்களை நிர்வகிக்க நமக்குத் துரைமார்களையும் அவர்களுக்கான வாகனங்களையும் அனுப்பி வைத்த தேசத்திற்கு, தோட்டத்துப் பிள்ளைகளும் சேர்ந்து பூட்டிய வாகனம் ஏறிச் சென்றது என்று எண்ணும்போது எனக்கு உண்மையான பெருமிதம் உண்டாகிறது.

2009ஆம் ஆண்டோடு கஞ்சிலின் உற்பத்தி நின்றுவிட்டது. எஞ்சியவற்றில் பல, இளைஞர்களின் கைக்குப் போய், ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்கப்படும் மீராவின் முகத்தையும் டர்போ எஞ்சினையும் பெற்று, உருவம் மாறிவிட்டன. அவ்வேலைப்பாட்டின் நுட்பத்தை நான் மதிக்கிறவனே; இரவெல்லாம் கண்விழித்து எஞ்சின் மாற்றும் அந்தப் பிள்ளைகளின் உழைப்பை யாரும் குறை சொல்லவேண்டியதில்லை. ஆனால், அதன் விளைவாகப் பிறந்த கோலத்திலேயே, 660 எஞ்சினோடும் பழைய கார்புரேட்டரோடும் இருக்கும் கஞ்சில், பளபளப்பான மோரிஸ் மைனரைக் காட்டிலும் அரிதாகிக்கொண்டு வருகிறது. மோரிஸ் மைனரைப் பாதுகாக்கச் சங்கங்கள் உண்டு. கஞ்சிலை இன்னும் பழைய கார் என்று கருதி மரியாதை செய்வாரில்லாமல், எடை போட்டுப் பழைய இரும்பாக விற்றுவிடுகிறார்கள்.

ஆகையால் வாசகர்களை நான் மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்வது இது: உங்கள் வீட்டுக் கொல்லையிலோ, தாத்தாவின் பழைய வீட்டுத் தாழ்வாரத்திலோ, 1994, 1995ஆம் ஆண்டுகளில் வாங்கிய கஞ்சில் ஒன்று மாற்றப்படாமல் நின்றிருந்தால், இரும்புக் கடைக்காரரை அழைக்கும் முன் அதன் பதிவுப் பத்திரத்தையும், தவணை கட்டிய ரசீதுகளையும், அதன் முன்னால் குடும்பத்தோடு நின்று எடுத்த புகைப்படத்தையும் தேடி எடுத்து ஒன்றாக வையுங்கள், முடிந்தால் வாகனத்தையும் ஒரு கூரைக்கடியில் தள்ளி வைத்து, மாதம் ஒரு முறையாவது எஞ்சினை ஓடவிடுங்கள்.