தராக்கி: மொழியையும் போரையும் சேர்த்து வாசித்தவர்

தர்மரத்தினம் சிவராம் 1959 ஆகஸ்ட் 11 அன்று மட்டக்களப்பில் பிறந்தார். 1982இல் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மறு ஆண்டு தமிழருக்கு எதிராக நடந்த ஆடிக் கலவரத்தோடு படிப்பு நின்றது; ஆயுதப் போராட்ட அமைப்பான புளொட் இயக்கத்தில் சேர்ந்தார். 1989இல் அதைவிட்டு விலகி, 'ஐலண்ட்' பத்திரிகையில் 'தராக்கி' என்ற பெயரில் ஆங்கிலப் பத்தி எழுதத் தொடங்கினார். இயக்கங்களை உள்ளிருந்து அறிந்தவரின் எழுத்து என்பதால் கொழும்பில் அதைத் தேடிப் படித்தார்கள்.

அவருடைய ஆழமான எழுத்து, 1992இல் 'லங்கா கார்டியன்' இதழில் தமிழரின் போர்மரபு பற்றி வந்த தொடர். பாளையக்காரர் போர்களுக்குப் பின் ஆங்கிலேயர் தென் தமிழகத்தின் போர்ச் சமூகங்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தனர். போன வாளின் நினைவு தமிழ் இலக்கியத்தில் தங்கிவிட்டது என்பது சிவராமின் வாதம். பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியதையும், மு. இராகவையங்கார் சங்கப் பாடல்களின் வீரத் தாய்மாரைப் பற்றி எழுதியதையும் அவர் அரசியல் நிகழ்வுகளாகவே பார்த்தார். அந்த வீர விழுமியம் மொழிப்பற்றோடு கலந்து திராவிட இயக்க மேடைகளுக்கும், பின்னர் ஈழத்து இளைஞரிடமும் வந்து சேர்ந்தது என்றார். இதில் சில முடிவுகளை மறுக்க இடமுண்டு. ஆனால் மொழியுணர்வை வெறும் உணர்ச்சியாகத் தள்ளிவிடாமல், அதற்கொரு சமூக வரலாறு தேடிய துணிவு பெரியது.

1997 மே 13 அன்று புலிகளுக்கு எதிராக இலங்கை இராணுவத்தின் 'ஜயசிக்குறு' படை நடவடிக்கை தொடங்கியது. வவுனியாவிலிருந்து மாங்குளம், இரணைமடுச் சந்தி வழியே செல்லும் ஏ9 வீதியைக் கிளிநொச்சிவரை பிடிப்பதே நோக்கம். அந்த வீதி ஊடறுத்துச் செல்லும் வன்னிப் பகுதிக்குள் செய்தியாளர் போவதற்குத் தடை இருந்தது. அதே ஆண்டில் உருவான 'தமிழ்நெற்' செய்தித்தளத்துக்கு ஆசிரியரான சிவராம், வடகிழக்கில் உள்ளூர்ச் செய்தியாளர்களைப் பழக்கினார். ஒரு கிராமத்தின் பெயர் வந்தால், அது எந்த நகரிலிருந்து எந்தத் திசையில் எத்தனை கிலோமீற்றர் என்பதையும் செய்தி சொல்லும். பெயர்கள் மட்டுமாக இருந்த வன்னி, வெளியூர் வாசகருக்கு இடமாகத் தெரியத் தொடங்கியது.

பிற்காலத்தில் 'வீரகேசரி'யில் தமிழிலும் பத்தி எழுதினார். அவற்றில் தமிழ் வாசகரிடம் கடுமையாகவே பேசினார்: வல்லரசுகளின் நலனைக் கணக்கில் எடுக்காத அரசியல் ஏமாறும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது.

2005 ஏப்ரல் 28 இரவு, பம்பலப்பிட்டிப் பொலிஸ் நிலையத்துக்கு எதிரே அவர் கடத்தப்பட்டார். மறுநாள் நாடாளுமன்றத்துக்கு அருகில் சுடப்பட்ட உடலாகக் கிடைத்தார். கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அவருடைய நண்பரான மானிடவியலாளர் மார்க் விற்றேக்கர் 2007இல் அவரது வாழ்வையும் சிந்தனையையும் ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார்.