கேம்ஷாஃப்ட் மாற்றினால் க்ரூஸருக்கு வேகம் கூடுமா?

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் எப்போது மூச்சை இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று தீர்மானிப்பது கேம்ஷாஃப்ட். முட்டை போல ஒரு பக்கம் மேடு தட்டிய கேம்களைத் தாங்கிச் சுழலும் தண்டு அது. மேடு வந்து தள்ளும்போது வால்வு திறக்கும். மேடு கடந்ததும் ஸ்பிரிங் அதை மூடிவிடும். இன்லெட் வால்வு வழியே காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும். எக்ஸாஸ்ட் வால்வு வழியே புகை வெளியேறும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும்.

சோமனூரில் தறிக் குடோனுக்குள் நுழைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. காடா துணி நெய்யும் சாதா விசைத்தறியிலும் கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றினால்தான் கீழ்த்தண்டு ஒரு சுற்று முடிக்கும். அந்தக் கீழ்த்தண்டில் உள்ள டேப்பட்டுகள் விழுதுகளை மாறி மாறி ஏற்றி இறக்கி, பாவைப் பிரித்து, நாடா ஓட வழிவிடுகின்றன. அந்த நேரம் தப்பினால் நாடா பாவில் சிக்கி நூல் அறுந்துபோகும். இன்ஜினில் வால்வு நேரம் தப்பினால் வால்வே பிஸ்டனில் மோதி வளைந்துவிடும்.

ஒரு கேமின் குணத்தை மூன்று அளவுகள் சொல்லும். வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது என்பது லிஃப்ட். கிராங்க் எத்தனை டிகிரி திரும்பும்வரை திறந்திருக்கிறது என்பது டியூரேஷன். இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் சற்று நேரம் சேர்ந்தே திறந்திருப்பது ஓவர்லேப். நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடும் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 15 மில்லி செகண்டுதான். 240 டிகிரி டியூரேஷன் உள்ள கேம், வால்வைத் திறந்து வைத்திருப்பது வெறும் 10 மில்லி செகண்டு. சுற்று கூடக் கூட இந்த நேரமும் சுருங்கும். காற்று முழுசாக உள்ளே வராமல் போவதால்தான் அதிக வேகத்தில் இன்ஜின் களைத்துப்போகிறது.

டியூரேஷன் கூடிய கேமைப் போட்டால் இந்தக் களைப்பு தள்ளிப்போகும். உச்ச வேகத்தில் பவர் கூடும். ஆனால் அதற்கு விலை உண்டு. இன்லெட் வால்வு தாமதமாக மூடுவதால், குறைந்த சுற்றில் பிஸ்டன் மேலேறும்போது உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். கம்ப்ரஷன் தளர்ந்து, பிக்கப் குறையும். ஓவர்லேப் அதிகமானால் ஐடிலிங் தடுமாறும்.

க்ரூஸர் வண்டியின் உயிரே இந்தக் கீழ்ச் சுற்று இழுவையில்தான் இருக்கிறது. சென்னை அருகே தயாராகும் ராயல் என்ஃபீல்டு வண்டிகளே இதற்குச் சாட்சி. பழைய தண்டர்பேர்டு 350-இன் 346 சிசி இன்ஜினில் கேம்கள் கீழே இருந்தன. புஷ்ராடு வழியாக வால்வைத் தள்ளின. அதன் டார்க் 4,000 சுற்றில் 28 நியூட்டன் மீட்டர். 2020 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த மீட்டியார் 350-இன் 349 சிசி இன்ஜினில் கேம் ஹெட்டுக்கே ஏறிவிட்டது, புஷ்ராடு போய்விட்டது. உச்ச பவர் 6,100 சுற்றில் கிடைக்கிறது. ஆனால் உச்ச டார்க்கான 27 நியூட்டன் மீட்டர் அதே 4,000 சுற்றில்தான். கேமின் இடத்தையே மாற்றிய கம்பெனி, இழுவையின் இடத்தை மட்டும் மாற்றவில்லை.

அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் ஓட்டுகிறவர்களிடம் கேம் மாற்றும் பழக்கம் வெகுகாலமாக உண்டு. அந்தப் பெரிய வி-ட்வின் இன்ஜின்களில் கேம்கள் வலப்பக்கம் தனிப் பெட்டிக்குள் இருக்கின்றன; ஹெட்டைக் கழற்றாமலே மாற்றலாம். 1998-இல் வந்த ட்வின் கேம் இன்ஜினில் இரண்டு கேம்ஷாஃப்ட். 2016-இல் வந்த மில்வாக்கி-எய்ட்டில் மறுபடி ஒன்றே. ட்வின் கேமின் ஆரம்பகால வண்டிகளில் கேம் செயினை அழுத்திப் பிடிக்கும் டென்ஷனர் தேய்ந்துபோவது வழக்கம். அதைச் சரிசெய்யப் பெட்டியைத் திறந்தவர்கள் அப்படியே கேமையும் மாற்றிக்கொண்டார்கள்.

கேம் மாற்றுவது நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. முதலில் பிஸ்டனை டாப்பில் நிறுத்தி டைமிங் குறிகளைப் பொருத்த வேண்டும். லிஃப்ட் கூடிய கேம் என்றால் வால்வு பிஸ்டனைத் தொடுகிறதா என்று பார்ப்பது கட்டாயம். அனுபவமுள்ள மெக்கானிக், பிஸ்டன் தலையில் களிமண்ணை ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, கிராங்கைக் கையால் மெதுவாக இரண்டு சுற்று சுற்றுவார். பிறகு ஹெட்டைக் கழற்றினால் வால்வு அழுந்திய தடம் களிமண்ணில் பதிந்திருக்கும். அந்த இடத்தைக் கத்தியால் வெட்டி, மிஞ்சிய கனத்தை வெர்னியரில் அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும். வால்வு முழுசாகத் திறக்கும்போது ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்கவும் வேண்டும். கேம் மேட்டில் ஆயில் தடவாமல் ஸ்டார்ட் செய்தால் முதல் சில நிமிடங்களிலேயே தேய்மானம் தொடங்கிவிடும்.

கேமை மட்டும் மாற்றிப் பயனில்லை. கூடுதல் காற்று உள்ளே வர ஏர் ஃபில்டரும், வெளியேற சைலன்சரும் இடம் தர வேண்டும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் இசியு கணக்கையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறும். வாரண்டியும் போய்விடும். கம்பெனி அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

உச்ச வேகத்துக்கான கேம், கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடத்தில் ஓடும் வண்டிக்குப் பொருந்தும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும் க்ரூஸருக்கு வேண்டியது கீழ்ச் சுற்று இழுவை. பிக்கப் குறைந்ததாகத் தோன்றினால் முதலில் டேப்பட் இடைவெளி, கம்ப்ரஷன், ஏர் ஃபில்டர், கிளட்ச் நான்கையும் பார்த்துவிடுங்கள். அவை சரியாக இருந்த பிறகும் கேம் மாற்றியே ஆக வேண்டுமென்றால், டியூரேஷன் அதிகம் கூடாத மிதமான கேமே க்ரூஸருக்கு ஏற்றது.