ஆழம் தேடியவர்கள்: காரைக் களிமண்ணில் ஒரு கடல்

மூச்சடக்கிக் கடலில் இறங்குபவரின் உடலை ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாக நெருக்குகிறது. 1976 நவம்பர் 23 அன்று இத்தாலியின் எல்பா தீவருகே, எடை பூட்டிய கருவியைப் பற்றிக்கொண்டு இறங்கிய ழாக் மயோல், ஒரே மூச்சில் 100 மீட்டர் ஆழத்தைத் தொட்ட முதல் மனிதர் ஆனார். அந்த ஆழத்தில் நுரையீரலின் காற்று பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்போர் கல்லின் எடையைத் துணைகொண்டு இறங்கியதும் இதே உத்தியில்தான்.

காற்று சுருங்கும் இந்தச் சிக்கலைப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே வேறு வழியில் தீர்த்துக்கொண்ட உயிரினம் அம்மோனைட். கணவாயின் உறவினமான அது, சுருண்ட ஓட்டின் வாய்ப்புற அறையில் மட்டும் வாழ்ந்தது. பின்னுள்ள அறைகளிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றின் வழியே நீரை வெளியேற்றி, அவற்றை வாயுவால் நிரப்பி மிதந்தது. ஓடு வளையாது என்பதால் ஆழத்தின் அழுத்தம் உள்ளிருந்த வாயுவை எட்டவில்லை. சாளக்கிராமம் என்று பூசிக்கப்படும் கண்டகி நதிக் கல் பெரும்பாலும் இந்த இனத்தின் புதைபடிவமே.

அம்மோனைட் நீந்திய கடல் ஒன்று பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் தன் படிவுகளை விட்டுச் சென்றிருக்கிறது. இந்தியா, அண்டார்க்டிகாவை உள்ளிட்ட தென்கண்டங்களிலிருந்து பிரிந்தபோது காவிரிப் படுகையில் நிலம் பிளந்து தாழ்ந்தது. கிரெட்டேசியஸ் எனப்படும் காலத்தில், ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை, கடல் அதில் பலமுறை ஏறியும் வடிந்தும் அடுக்கடுக்காக மண்ணைப் படியவைத்தது. காரை ஊரருகே மழைநீர் அரித்துப் பிளந்த செந்நிற ஓடைகளில், வெயிலில் மின்னும் ஜிப்சத் தகடுகளுக்கிடையே, துப்பாக்கி ரவை வடிவிலான பெலம்னைட்டுகள் கிடக்கின்றன. இவையும் கணவாயின் உறவினமே. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று கிடக்கிறது. 1940இல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்த அந்த மரம், கடற்படிவுகளில் புதைந்து கல்லானது.

இப்பகுதியைப் புவியியலாளர் எச்.எஃப்.பிளான்ஃபோர்டு ஆய்வு செய்து வரைபடமாக்கினார். இங்கு சேகரிக்கப்பட்ட ஓடுகளைக் கல்கத்தாவில் அமர்ந்து இனம் பிரித்து விவரித்தவர் 1862இல் இந்தியப் புவியியல் ஆய்வகத்தில் சேர்ந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிரினங்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1873இல் நிறைவுற்றது. மறு ஆண்டு, காரகோரம் கணவாயைக் கடந்து திரும்பும் வழியில், லடாக்கின் முர்கோ அருகே 36ஆம் வயதில் காலமானார். காற்று மெலிந்த மலையுயரம் தந்த நோயே காரணம் என்பர். இவ்வளவு குறுகிய வாழ்நாளில் இத்தனை ஆழமாக ஒரு கடலைப் படித்தவர் அரியர்.

அந்தக் கடலின் ஆழத்தை அளக்க இன்று ஃபோராமினிஃபெரா உதவுகிறது. இது மணல் பருக்கை அளவே ஓடுகொண்ட ஒருசெல் உயிர். ஒரு பிடிக் களிமண்ணை ஊறவைத்து, நுண்சல்லடையில் கழுவி, உருப்பெருக்கியில் பார்த்தால், மிதந்து வாழ்ந்தவையும் தரையில் வாழ்ந்தவையும் தனித்தனியே தெரியும். கரையைவிட்டு ஆழம் கூடக்கூட மிதப்பவற்றின் பங்கு பொதுவாக உயர்வதால், இரண்டையும் எண்ணிப் பழைய நீராழத்தை மதிப்பிடலாம்.

இக்கணக்கு முழுவதும் எது எந்த அடுக்கில் கிடந்தது என்பதைச் சார்ந்தது. இடத்திலிருந்து பெயர்த்தெடுத்து அலமாரியில் வைக்கப்பட்ட அம்மோனைட், தான் வாழ்ந்த கடலைப் பற்றிச் சொல்லக்கூடியதில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. ஆகவே காரைக்குச் செல்லும் வாசகர்கள் கண்ணில் படுவதைப் படமெடுத்து, இடத்தைக் குறித்து, புவியியல் துறையினருக்குத் தெரிவிக்கட்டும். கல்லை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும்.