எல்.எல்.எம். இப்போதா, பிறகா?

பின்னாளில் புகழ்பெற்ற வழக்கறிஞரான நானி பல்கிவாலா, ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தபோது மும்பைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஆகவே ஆசைப்பட்டார். அந்த இடம் வேறொருவருக்குப் போனது. மற்றப் படிப்புகளில் சேர்க்கை முடிந்துவிட்டிருந்ததால் சட்டக் கல்லூரிக்குள் நுழைந்தார். ஜாம்ஷெட்ஜி காங்காவிடம் ஜூனியராகச் சேர்ந்தவர், சீனியரோடு இணைந்து எழுதிய வருமான வரிச் சட்ட நூல் 1950-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது முப்பது. காங்காவின் சேம்பர்தான் அவருக்கு மேற்படிப்பு.

இன்று சென்னை பெருங்குடியில் ஐந்தாண்டு பி.காம்., எல்.எல்.பி. படிக்கும் மாணவிக்கு அப்படித் தற்செயலாக எதுவும் வாய்க்காது. நான்காம் ஆண்டிலேயே கேள்வி வந்துவிடுகிறது: நேராக வணிகச் சட்ட நிறுவனமா, எல்.எல்.எம். முடித்துவிட்டா?

பெரிய நிறுவனங்கள் புதியவர்களைப் பிடிப்பது பெரும்பாலும் இளநிலைப் படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுகளில், இன்டர்ன்ஷிப் வழியாக. சில வாரம் பக்கத்தில் உட்காரவைத்து, ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து விடுபட்டிருந்தால் கண்ணில் படுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு அழைக்கிறார்கள். எல்.எல்.எம். முடித்து வருபவரும் பெரும்பாலும் அதே அசோசியேட் நாற்காலியில்தான் உட்கார வேண்டும். கல்லூரியின் பெயர் சிறியது, வெளிநாட்டுப் பட்டம் அதை மறைத்துவிடும் என்று வீட்டை அடமானம் வைப்பவர்கள் இதைக் கவனிப்பது நல்லது. ஹார்வர்டில் ஓராண்டு எல்.எல்.எம். படிப்புக்குக் கல்விக் கட்டணம் மட்டுமே 70,000 டாலருக்கு மேல்.

பணத்தை விடுவோம், பாடத்துக்கு வருவோம். நலிந்த தொழில் நிறுவனங்களுக்கான 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆய்வுத் தலைப்பாக எடுத்து, 2015-இல் எல்.எல்.எம். முடித்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். 2016 மே மாதம் திவால் சட்டத் தொகுப்புக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். டிசம்பர் 1-ஆம் தேதி பழைய சட்டம் ரத்தானது. நிறுவனங்களுக்கான புதிய விதிகள் அன்றே அமலுக்கு வந்தன. சீனியருக்கும் ஜூனியருக்கும் சட்டம் ஒரே அளவு புதிது. கடன் கொடுத்த வங்கி என்றால் 7-ஆம் பிரிவு, சரக்கு கொடுத்துவிட்டுப் பணத்துக்கு அலைபவர் என்றால் 9-ஆம் பிரிவு என்று, தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டுப் போட்டே கற்றுக்கொண்டார்கள். பணம் தர வேண்டியவர் "முன்பே தகராறு இருக்கிறது" என்று சொன்னால் என்ன செய்வது? அதற்கு மொபிலாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் விளக்கம் 2017 செப்டம்பரில்தான் கிடைத்தது. அதுவரை எந்தப் பாடநூலிலும் விடை இல்லை.

இதனால் எல்.எல்.எம். வீண் என்று ஆகிவிடாது. சட்டக் கல்லூரியில் பாடம் நடத்த விரும்புபவருக்கு அது கட்டாயம். வணிகச் சட்ட வழக்கறிஞர் ஜியா மோடியும் கேம்பிரிட்ஜில் சட்டம் படித்த கையோடு ஹார்வர்டில் எல்.எல்.எம். முடித்தார். ஆனால் உடனே மும்பைக்குத் திரும்பிவிடவில்லை. நியூயார்க்கில் பேக்கர் அண்ட் மெக்கன்சியில் சுமார் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தார். பின்னால் ஏ.இசட்.பி. நிறுவனத்தைக் கட்டியெழுப்பியவருக்கு அதிகம் கைகொடுத்தது அந்த ஓராண்டா, ஐந்தாண்டா? இந்தக் கட்டுரையின் ஓட்டு ஐந்தாண்டுக்கே.

லண்டன் பற்றி ஒரு தவறான நம்பிக்கையும் உலவுகிறது, எல்.எல்.எம். முடித்தால் அங்கே சொலிசிட்டர் ஆகிவிடலாம் என்று. அதற்கான வழி, 2021-இல் தொடங்கிய எஸ்.க்யூ.இ. தேர்வு. இந்தியாவில் வழக்கறிஞராகப் பதிவு செய்தவர் அதை நேரடியாக எழுதலாம், எல்.எல்.எம். கேட்கப்படுவதே இல்லை.

வேலைப் பக்கமும் பூப்பாதை அல்ல. ஜூனியர் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் உதவித்தொகை தரப்பட வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. சேம்பர்களின் நிலைமை அதிலேயே தெரிகிறது. இந்த வருமானத்தில் கல்விக் கடன் தவணையும் சேர்ந்தால் மூச்சு முட்டும்.

மேற்படிப்பை அடுத்தவர் செலவில் முடிக்கவும் வழி உண்டு. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை கல்விக் கட்டணம், தங்கும் செலவு, விமானச் செலவு எல்லாம் தருகிறது. விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு, அதாவது 2,800 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும். ஏன் இந்தப் படிப்பு என்றும் கேட்பார்கள். திவால் மனுக்களோடு இரண்டு ஆண்டு மல்லுக்கட்டியவருக்கு அந்த இடத்தில் எழுத ஏதாவது இருக்கும்.