பேண்ட் ஏறிப்போச்சு! புது யூனிபாரம் எப்போது? காஞ்சீபுரம் தறி வீடுகளில் ஜூன் மாதக் கணக்கு

காஞ்சீபுரம்:

கோடை விடுமுறை முடிகிறது. பெட்டிக்குள் கிடந்த யூனிபாரம் வெளியே வருகிறது. பையனுக்குப் போட்டுப் பார்க்கிறார் தாய். பரீட்சை எழுதப் போனபோது சரியாக இருந்த பேண்ட், இப்போது கணுக்காலுக்கு மேலே நிற்கிறது!

"என்னங்க, இந்த வருஷம் புதுசு எடுத்தே ஆகணும் போல இருக்கே?"

தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் தந்தை தலையைத் தூக்காமலே பதில் சொல்கிறார்:

"தறியில இருக்கற சேலை இறங்கட்டும். அப்புறம் பார்க்கலாம்."

பிள்ளையார்பாளையத்திலும் சின்ன காஞ்சீபுரத்திலும் ஒவ்வொரு ஜூன் மாதமும் நடக்கும் பேச்சு இது. சேலையை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் நெசவாளி கையில் கூலி. ஆனால் பள்ளிக்கூடம் சேலைக்காகக் காத்திருக்காது. மணி அடித்துவிடும்!

கருட சேவை முடிந்ததும்...

வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை. ஊரே திரண்டு நிற்கும். வெளியூர் உறவுக்காரர்கள் வருவார்கள். கையில் இருப்பது கரையும். திருவிழா ஓய்ந்ததும் பள்ளிக்கூடம் திறக்கும் நேரம் வந்துவிடும். நோட்டு, பை, ஷூ என்று வரிசையாகச் செலவு நிற்கும். அதில் பெரிய செலவு யூனிபாரம்தான்.

காந்தி ரோட்டில் பட்டுச் சேலை வாங்க வெளியூர் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அந்தப் பட்டை நெய்தவர் வீட்டுப் பிள்ளைக்கு வேண்டியதோ, நன்றாக உழைக்கிற டெரிகாட்டன் துணி.

"ஜூன் வந்தால் புதுசு" என்பது பல வீடுகளில் வழக்கம். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் எல்லா ஜூனிலும் புதுசு தேவைப்படாது. சில பிள்ளைகளுக்கு ஜூன் வரை காத்திருக்கவும் முடியாது. எதை வைத்து முடிவு செய்வது?

உட்கார வைத்துப் பாருங்கள்!

பிள்ளையை நிற்க வைத்துப் பார்த்தால் மட்டும் போதாது. வகுப்பில் அவன் நாள் முழுக்க உட்கார்ந்துதான் இருக்கிறான். தையல்காரர்கள் பார்ப்பது நாலு இடங்கள்.

தோள் தையல்: சட்டையின் தோள் தையல் தோள்பட்டையின் ஓரத்தில் நிற்க வேண்டும். கழுத்துப் பக்கம் ஏறியிருந்தால் சட்டை சிறிதாகிவிட்டது என்று அர்த்தம். இதை இழுத்துச் சரி செய்ய முடியாது.

கையைத் தூக்கினால்: இரண்டு கையையும் மேலே தூக்கச் சொல்லுங்கள். சட்டை இடுப்பை விட்டு வெளியே வந்தால் நீளம் போதாது. அக்குளில் பிடித்தால் அகலம் போதாது.

சம்மணம் போட்டால்: தரையில் உட்காரச் சொல்லுங்கள். தொடையில் பிடிக்கிறதா, பின்தையல் இழுக்கிறதா என்று பாருங்கள். இழுத்தால் அது கிழியும் நாள் தூரத்தில் இல்லை.

வெளிச்சத்தில்: இது நெசவாளிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேண்டின் உட்காரும் இடத்தையும் முழங்காலையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் இழை விட்டிருப்பது தெரிந்துவிடும். கிழிவதற்கு முன்பே உள்பக்கம் அதே நிறத்தில் ஒட்டுத்துணி வைத்துத் தைத்தால் இன்னும் பல மாதம் ஓடும். கிழிந்த பிறகு தைத்தால் ஊருக்கே தெரியும்!

இரண்டு அங்குலக் கணக்கு

தொடக்கப் பள்ளி வயதில் ஒரு பிள்ளை வருஷத்துக்குச் சுமார் 2 அங்குலம் வளரும். அதில் பாதிக்குமேல் கால் என்று வைத்துக்கொண்டாலும், பேண்டுக்கு வேண்டியது ஒன்றேகால் அங்குலம்தான். தைக்கும்போதே கீழே 2 அங்குலம் உள்மடிப்பு விடச் சொன்னால், அந்தப் பேண்ட் ஒன்றரை வருஷம் தாராளமாக வரும்.

ஆனால் வளர்த்தி வயது வந்துவிட்டால் இந்தக் கணக்கு உதவாது. பெண் பிள்ளைகளுக்கு அது முந்தி வரும். பெரும்பாலும் 10 முதல் 12 வயதுக்குள் மளமளவென்று வளர்ந்துவிடுவார்கள். பையன்களுக்கு 12 முதல் 14 வயது வாக்கில். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் சில பையன்கள் மூன்றரை, நாலு அங்குலம்கூட உயருவார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முதலில் நீளுவது கால். உடம்பு பின்னால்தான் நீளும். அதனால் முதலில் பேண்ட்தான் குட்டையாகும். சட்டை இன்னும் சில மாதம் சரியாகவே இருக்கும். பேண்ட் போதவில்லை என்று முழு செட்டாக வாங்க வேண்டியது இல்லை. பேண்டை மட்டும் மாற்றலாம்.

அந்த வயதுப் பிள்ளைக்கு ஜூனில் ஒரேயடியாக மூன்று செட் எடுப்பதும் தவறு. டிசம்பருக்குள் மூன்றும் ஒன்றாகவே சிறிதாகிவிடும். ஒரு செட் இப்போது, இன்னொன்று அரைப் பரீட்சை விடுமுறையில் என்று பிரித்து எடுப்பது புத்திசாலித்தனம்.

நிறம் மாறும் வகுப்பு எது?

அரசுப் பள்ளிகளில் 2018-19-ல் 9-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரையும், 2019-20-ல் 8-ம் வகுப்பு வரையும் யூனிபாரம் மாற்றி அமைக்கப்பட்டது. 5-ம் வகுப்பு வரை ஒரு நிறம். 6 முதல் 8 வரை வேறு. 9, 10-க்கு வேறு. பிளஸ்-1, பிளஸ்-2-க்கு இன்னொன்று.

ஆகவே 5, 8, 10-ம் வகுப்புகளில் படிக்கும் பிள்ளைக்கு பொங்கலுக்குப் பிறகு புது யூனிபாரம் எடுப்பது வீண். மூன்று மாதத்தில் அது மூலைக்குப் போய்விடும். அந்த மாதங்களில் உள்மடிப்பைப் பிரித்துவிடலாம், பட்டனை நகர்த்தலாம், ஒட்டுப் போடலாம். பெரிய வகுப்புக்குப் போன அக்கம்பக்கத்துப் பிள்ளையின் பழையதைக் கேட்டு வாங்கலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

காஞ்சி மண்ணின் மைந்தர்

பள்ளிப் பிள்ளைகளுக்கு யூனிபாரம் கொடுக்கும் யோசனைக்கும் இந்த மண்ணுக்கும் சம்பந்தம் உண்டு. காஞ்சீபுரம் பக்கத்தில் உள்ள நெய்யாடுபாக்கம் கிராமத்தில் 1912-ல் பிறந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. காமராஜர் முதல்-அமைச்சராக இருந்த காலத்தில் கல்வித் துறையின் தலைமை அதிகாரியாக இருந்தவர். மதிய உணவுக்கும், ஊர் மக்களிடமே உதவி திரட்டிப் பள்ளிகளைச் சீரமைத்ததற்கும், ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை கிடைத்ததற்கும் பாடுபட்டவர். யார் வீட்டுப் பிள்ளை பணக்காரன், யார் வீட்டுப் பிள்ளை ஏழை என்று வகுப்பில் தெரியக் கூடாது என்பதற்குத்தான் சீருடை.

பிறகு 1985-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில், சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இலவச யூனிபாரம் வந்தது. ஜெயலலிதா ஆட்சியில் 2012-13 முதல் வருஷத்துக்கு நாலு செட் என்று ஆனது. கூட்டுறவுச் சங்க நெசவாளிகள் துணி நெய்கிறார்கள். மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கப் பெண்கள் தைக்கிறார்கள்.

இதில் தாய்மார்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பள்ளியில் அளவு எடுக்கும் நாளில் பிள்ளையைக் கட்டாயம் அனுப்ப வேண்டும். வளரும் பிள்ளை என்றால் கொஞ்சம் தாராளமாக அளவு வைக்கச் சொல்ல வேண்டும். சட்டை கொஞ்சம் தொளதொள என்று இருந்தால் தவறு இல்லை. பிடித்தால்தான் தொல்லை.

9-ம் வகுப்பில் வரும் வினை

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

இலவச யூனிபாரம் 8-ம் வகுப்போடு சரி. 9-ம் வகுப்புக்குப் போனால் சொந்தக் காசில் எடுக்க வேண்டும். நிறமும் மாறுவதால் பழையது ஒன்றும் உதவாது. பையன்களுக்கு வேகமாக வளரும் வயதும் அதுதான். மூன்றும் ஒரே ஜூன் மாதத்தில் வந்து மோதுகின்றன!

நாலாவதாக ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. 2010 ஏப்ரல் 1-ந்தேதி அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயது நிறையாத பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று விலக்கு உண்டு. 14 முடிந்தால், ஆபத்தான தொழில்களைத் தவிர மற்றவற்றுக்குத் தடை தளர்ந்துவிடும்.

காஞ்சீபுரத்தில் 14 வயதுப் பையனுக்கு வேலை தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே தறி இருக்கிறது. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவருக்குப் பக்கத்தில் துணைக்கு இன்னொரு ஆள் வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் பிள்ளைகளைத்தான் உட்கார வைத்தார்கள். பெற்றோர் வாங்கிய கடனுக்காக வேறு வீட்டுத் தறிகளில் பிள்ளைகள் உழைத்ததை, "ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்" என்ற சர்வதேச அமைப்பு 2003-ல் பட்டுத் தொழில் பற்றி வெளியிட்ட அறிக்கையில் எழுதியது. அதில் காஞ்சீபுரத்தின் பெயரும் இருந்தது.

அந்தக் காலம் பெரும்பாலும் மலையேறிவிட்டது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் காலேஜ் போகிறார்கள். இருந்தாலும் ஜூன் மாதத்தில், "யூனிபாரம் இல்லாம எப்படிப் போறது? ஒரு வாரம் போகட்டும்" என்று ஒரு பையன் வீட்டில் நின்றுவிட்டால், அந்த ஒரு வாரத்தில் அவன் கை சும்மா இருக்காது. நாடா கைக்கு வந்துவிடும். ஒரு வாரம் ஒரு மாதம் ஆகும். அதற்குப் பிறகு புதுச் சட்டையே எடுத்துக் கொடுத்தாலும் அவன் பள்ளிக்கூடம் போவது சந்தேகம்தான்.

பெண் பிள்ளை விஷயம் இன்னும் நுட்பமானது. சட்டை பிடிக்கிறது என்று வாய் திறந்து சொல்லாது. தலைவலி, வயிற்றுவலி என்று சொல்லும். தாய்தான் புரிந்துகொள்ள வேண்டும். மற்ற எதைத் தள்ளிப் போட்டாலும் இதைத் தள்ளிப் போடக் கூடாது.

என்ன வழி?

8-ம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். வீட்டுத் துணி நாலு செட் இலவசமாக வரும் அந்த வருஷத்தில் யூனிபாரச் செலவு கிடையாது. அந்த வருஷம் இறக்கும் ஒவ்வொரு சேலைக் கூலியிலும் ஒரு சிறு தொகையைத் தனியாக வைத்தால், ஜூனில் 9-ம் வகுப்புச் செட் இரண்டு கையில் இருக்கும். தாய்மார்களுக்கு மாதம் ரூ.1,000 உரிமைத் தொகை வழங்கும் திட்டம் 2023 செப்டம்பர் 15-ந்தேதி தொடங்கியதே காஞ்சீபுரத்தில்தான். தாய் கையில் பணம் இருந்தால் பிள்ளைச் செலவு முந்தும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதி.

இரண்டு செட் போதும். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். ராத்திரியே அலசிப் போட்டால் டெரிகாட்டன் காலையில் காய்ந்துவிடும். வெள்ளைச் சட்டை மஞ்சளிக்கிறது என்று பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போட வேண்டாம். நூல் இற்றுப்போகும். கழுத்துப் பட்டையை மட்டும் சோப்புப் போட்டுக் கசக்கினால் போதும். பட்டை தேய்ந்துவிட்டால் பிரித்து, திருப்பி வைத்துத் தைக்கலாம். பழைய தையல்காரர்களுக்கு இது தெரியும்.

பஸ்சில் போகும் பிள்ளைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பள்ளி திறந்து புது பஸ் பாஸ் கைக்கு வரும்வரை, யூனிபாரம் போட்ட மாணவர்களை அரசு பஸ்சில் இலவசமாக ஏற்றிக்கொள்வது வழக்கம். யூனிபாரம் இல்லாவிட்டால் டிக்கெட்டுக்கும் காசு வேண்டும்!

பள்ளிக்கும் பொறுப்பு உண்டு

யூனிபாரம் இல்லை என்று பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தி அவமானப்படுத்தக் கூடாது. பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது. தனியார் பள்ளிகளில் இன்னொரு தொல்லை: குறிப்பிட்ட இடத்தில்தான் துணி வாங்க வேண்டும் என்ற நிபந்தனை. பள்ளிக்குள் புத்தகம், யூனிபாரம் வியாபாரம் செய்யக் கூடாது என்று சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்கு 2017-ல் எழுதியிருந்தது.

பெற்றோர் நேரே போய்த் தலைமை ஆசிரியரிடம், "சார், சேலை இறங்க இன்னும் பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் பழைய யூனிபாரத்துல வரட்டும்" என்று சொல்வதே நல்லது. பையனை வீட்டில் நிறுத்திவிட்டுப் பிறகு காரணம் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

பழைய பேண்டின் உள்மடிப்பைப் பிரித்துவிட்டால் துணியில் ஒரு கோடு தெரியும். இஸ்திரி போட்டாலும் முழுதாகப் போகாது. போகாவிட்டால் போகட்டும். அந்தக் கோட்டோடு பள்ளிக்கூடம் போன பையன் பத்து நாளில் புதுசு போட்டுக்கொள்வான். கோட்டுக்கு வெட்கப்பட்டு வீட்டில் நின்ற பையன் தறிக்குழியில் உட்கார்ந்துவிடுவான்.