வலையட்டைத் தேர்வு

விருதுநகர் வாணிகத்தால் பெயர் பெற்ற ஊர். பருப்பும் மிளகாயும் பல இடங்களிலிருந்து வந்து அதன் கிட்டங்கிகளில் இறங்குகின்றன. பின்னர்ப் பல ஊர்களுக்குச் செல்கின்றன. எம்மூட்டை எவ்வூருக்கு உரியது என அறிந்து வண்டியில் ஏற்றுவோர் இல்லையேல் வாணிகம் நடவாது. கணிப்பொறிகளுக்கிடையே செய்திகள் செல்லுங்கால் இப்பணியைச் செய்வதே ரூட்டர் எனப்படும் திசைவி.

திசைவிக்கெனத் தனிக் கருவி வேண்டும் என்பதில்லை. கணிப்பொறி ஒன்றே அப்பணியைச் செய்யும். 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மீக்கணிப்பொறி நிலையங்களை இணைத்த என்.எஸ்.எப். வலையின் முதல் திசைவிகள், டேவிட் மில்ஸ் என்னும் அறிஞரின் நிரலால் இயங்கிய சிறு கணிப்பொறிகளே. அவ்வலையின் தடம் நொடிக்கு 56,000 பிட்டுகளையே கடத்தியது. இன்று சிவகாசி அச்சகத்திற்கு வரும் நாட்காட்டிப் படம் ஒன்றே பல கோடி பிட்டுகள் கொண்டது. அது வந்து சேரத் தாழ்ப்பின் அச்சுப்பொறி காத்துக் கிடக்கும். தொழிலாளரின் நாளும் வீணாகும்.

திசைவியாகும் கணிப்பொறியில் வலையட்டைகள் இரண்டு அமைப்பதே முறை. ஒன்று வெளியுலகை நோக்கிய வாயில். மற்றொன்று அலுவலகத்தை நோக்கிய வாயில். பட்டாசுத் தொழிற்சாலையில் ஓர் அறையில் பற்றிய தீ மற்றோர் அறைக்குத் தாவாதவாறு இடைவெளி விட்டுக் கட்டுவர். அதுபோலவே, இரு வாயில்களுக்கும் இடையில் நிற்கும் கணிப்பொறி, உரியவாறு அமைப்பின், வெளியிலிருந்து வரும் தீங்கு உள்ளே புகாமல் தடுக்க உதவும்.

அட்டையைத் தேருங்கால் முதலில் அதனைச் செருகும் இடத்தை நோக்குதல் வேண்டும். பழைய பி.சி.ஐ. வழி நொடிக்கு 133 மெகாபைட்டே கடத்தும்; அதனையும் அட்டைகள் அனைத்தும் பகிர்ந்துகொள்ளும். கிகாபிட் அட்டை ஒன்றே ஒரு திசையில் 125 மெகாபைட் கடத்த வல்லது. ஆதலின் அத்தகைய அட்டைகள் இரண்டினை அதிற் செருகின், அகன்ற சாலையில் வந்த வண்டிகள் ஒடுங்கிய பாலத்தில் நெருக்குண்டு நிற்பது போலாகும். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் முறையில் ஒவ்வோர் அட்டைக்கும் தனிவழி உண்டு.

அடுத்து, செயலியின் சுமையை எண்ணுதல் வேண்டும். கிகாபிட் வேகத்தில் மிகச் சிறிய செய்திப் பொட்டலங்கள் நொடிக்குப் பதினான்கு லட்சத்திற்கு மேலும் வரக்கூடும். ஒவ்வொன்றிற்கும் அட்டை செயலியை அழைப்பின் அது தளர்ந்துவிடும். நல்ல அட்டை பலவற்றைத் திரட்டி ஒருமுறை அழைக்கும். அவ்வட்டையை இயக்கும் நிரல் தம் கணிப்பொறிக்குக் கிடைக்குமா என்பதையும் வாங்குமுன் அறிதல் நன்று. வெளித்தடம் 100 மெகாபிட்டே தருமாயின், விலைமிக்க அட்டையால் வெளியிலிருந்து வரும் படம் விரைந்து வாராது.

பட்டாசுத் தொழிலாளர் மருந்தறைக்குள் நுழையுமுன் செப்புத் தகட்டைத் தொட்டு, உடலில் தேங்கிய மின்னை நிலத்திற்குச் செலுத்துவர். வலையட்டையைக் கையில் எடுப்போரும், நிலத்தோடு இணைந்த உலோகத்தை முன்னர்த் தொடுதல் வேண்டும். அங்கே சிறு பொறி உயிரையே போக்கும். இங்கே கண்ணுக்குப் புலனாகாத பொறி அட்டையின் சில்லைக் கெடுக்கும்.

விலை மிக்கது எனக் கொள்வதும், மலிவானது எனக் கொள்வதும் தேர்வு ஆகா. பணியின் அளவை அறிந்து, அதற்கேற்ற கருவியைக் கொள்வதே தேர்வாகும்.